இரண்டு அறிவிப்புக்கும் ஒரே குரல்

அந்தத் தெருவில் அவளுக்கு மைக்கக்கா என்றுதான் பெயர். வீட்டுக்காரர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கட்சிக் கூட்டமோ கடைத் திறப்போ, அறிவிப்பைப் பேசிப் பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. எலி மருந்து விற்கிற அறிவிப்பைக்கூடத் தாலாட்டு மாதிரி பேசுவாள்.

நோய் வந்து ஊர் அடங்கியதும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் எல்லாம் முன்னறைக்குள் வந்து நின்றுகொண்டன. ஆள் உயரப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவே இருந்த கொஞ்சம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்காரரும் அவள் தம்பியும் பொழுதெல்லாம் சண்டை போட்டார்கள்.

சொத்துச் சண்டை இல்லை. அரசாங்கம் சிறு தொழில்காரர்களுக்கு நிவாரணம் என்று குறைந்த வட்டியில் கடன் அறிவித்திருந்தது. அதுதான்.

"கடனைக் குடுத்துட்டு அதுக்கு நிவாரணம்னு பேரு வெச்சிருக்காங்க மாமா. தண்ணியில முங்கறவன் கையில கல்லைக் குடுத்து, பத்திரமா வெச்சுக்கப்பான்னு சொல்ற மாதிரி."

"பின்ன, வீடு வீடாப் பணத்தை வீசச் சொல்றியா? கஜானா என்ன உங்கப்பன் வெச்சுட்டுப் போன பெட்டியா? இன்னைக்கு வாரிக் குடுத்துட்டு நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு மருந்து எதுல வாங்கறது?"

"எங்கப்பாவை எதுக்கு இழுக்கறீங்க?" என்பாள் அவள், பாத்திரம் கழுவிக்கொண்டே. "அவரு பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு."

இதில் வேடிக்கை, ஒலிபெருக்கிக்காரருக்கு அந்தக் கடனே கிடையாது. நாலு பேர் கூடினாலே குற்றம் என்றான பிறகு, கூட்டத்தை நம்பின தொழிலுக்கு எந்த வங்கி கொடுக்கும்? ஆனாலும் மனுஷர் அரசாங்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தம்பியும் விடவில்லை. கடைசியில் ஒருநாள் வீட்டுக்காரர் வாய் தவறி, "என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே பாடம் நடத்தறான்" என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றுபோனது.

மறுநாள் தம்பி அடுக்களைக்கு வந்தான். "பஸ் விட ஆரம்பிச்சதும் கெளம்பறேன்க்கா."

அவள் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் போய்விட்டால் வீட்டுக்காரரும் முடங்கினார் என்று அர்த்தம். முதுகுவலிக்காரர், பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. எதிரெதிரே நின்று, அவர் "ம்" என்று சொன்னதும் இருவரும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஒருமுறை அவர் "ம்" சொல்ல மறந்ததில்தான் தம்பியின் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது.

அந்தச் சமயம் பார்த்து, பல மாதம் கழித்து வேலை வந்தது. ஒன்றல்ல, இரண்டு. கடனைப் பற்றித் தெருத்தெருவாகச் சொல்ல அரசு அலுவலகத்திலிருந்து மறுநாள் காலைக்கு ஒன்று. 'கடன் வேண்டாம், கையில் பணம் கொடு, இன்று மாலை அவரவர் வாசலில் நின்று குரல் கொடுங்கள்' என்று எதிர்க்கட்சிக்காரர்களிடமிருந்து மத்தியானத்துக்கு ஒன்று.

"ரெண்டாவது வேணாம்," என்றார் வீட்டுக்காரர்.

"மொத வண்டியில நான் ஏற மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடுக்கா," என்றான் தம்பி, பக்கத்திலேயே நின்றவரைப் பார்க்காமல்.

"ரெண்டையும் பேசப் போறது நான். நானே கௌரவம் பாக்கல, உங்களுக்கு என்ன?" என்றாள் அவள்.

"நீ எந்தப் பக்கம், அதைச் சொல்லு மொதல்ல."

"நான் படுத்துத் தூங்கற பக்கம். யாராவது விட்டாத்தானே."

எதிரொலி விழாமல் இருக்க, வழக்கம்போல் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு இரண்டையும் பேசினாள். வேர்த்து ஊற்றியது. கடன் தருகிறார்கள் என்றபோதும் அவள் குரல் கனிந்திருந்தது. ஏமாற்றுகிறார்கள் என்றபோதும் கனிந்துதான் இருந்தது. வேறு மாதிரி பேச அவளுக்கு வராது. மிச்சமிருந்த ஒரே பென் டிரைவில் இரண்டையும் ஏற்றினாள்.

காலையில் அக்கா முகத்துக்காகத் தம்பி பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொடுத்தான். ஏறி உட்காரவில்லை. வீட்டுக்காரர் தனியாக ஓட்டிப் போனார். காதில் பஞ்சு. தலைக்கு மேலே ஒலிபெருக்கி அலறும்போது பஞ்சு இல்லாமல் ஓட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அறிவிப்பைக் கவனிப்பது எப்போதும் தம்பிதான். ஒன்றே திரும்பத் திரும்ப வருவதற்கான பொத்தானை அழுத்துவதும் அவன்தான். மனுஷருக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே நினைவில்லை.

வண்டி ஊர் சுற்றித் தெருமுனை திரும்பியபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் குரல் வந்தது: 'உங்கள் அரசு உங்களோடு இருக்கிறது, கடனுக்கு இன்றே வாருங்கள்.' மூச்சு விடுவதற்குள் மறுபடி அவளே: 'நம்பாதீர்கள், கடன் என்பது ஏமாற்று.' பிறகு மறுபடியும், அரசு உங்களோடு இருக்கிறது.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா முகக்கவசத்துக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மைக்கக்கா, நீங்களும் உங்களோட பேசறதில்லையா?"

மாடியில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த தம்பியும் சிரிப்பை அடக்க முடியாமல் பையோடு கீழே ஓடிவந்தான். அவருக்கு மட்டும்தான் ஒன்றும் கேட்கவில்லை. ஜனங்கள் கையாட்டுவதைப் பார்த்து அவரும் பெருமையாகக் கையாட்டினார்.

சிரிப்பு நிலைக்கவில்லை. பின்னாலேயே அலுவலக ஆள் வந்து வீட்டு வாசலில் வண்டியை மறித்தார். வேலை கிடையாது, பெட்டியை இந்த இடத்திலேயே இறக்கு, இல்லாவிட்டால் வண்டியை எடுத்துப் போய்விடுவோம் என்றார். எதிர்க்கட்சிக்காரர் போனில் கூப்பிட்டு, அரசாங்க வண்டியில் எங்கள் குரலைக் கேலி செய்துவிட்டீர்கள், எங்களுக்கும் வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் காதுப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, ஒற்றை ஆளாகப் பெட்டியில் கை வைத்தார். வலியில் முகம் சுருங்கியது.

தம்பி கையில் பையோடு வாசலில் நின்றான். அவன் பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியின் மறுபக்கம் பிடித்தான்.

இருவரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். "ம்" சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்கவில்லை. இவன் கேட்கவும் இல்லை. அலுவலக ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. விரல்கள் நசுங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"ம்," என்றாள் அவள் வாசலிலிருந்து.

பெட்டி எழும்பியது. இரண்டு பேரும் பக்கவாட்டில் நடந்து உள்ளே கொண்டுபோனார்கள். நிலைப்படி தாண்டும்போது தம்பி குரல் கேட்டது.

"பொத்தானை அழுத்தத் தெரியாதா மாமா?"

"நீ வண்டியில ஏறியிருந்தா இப்படி ஆகுமா? பெரிசாக் கொள்கை பேச வந்துட்டான்."

"கையில பணம் குடுத்திருந்தா இந்த வண்டியே ஓட்டியிருக்க வேணாம்ல?"

"ஆரம்பிச்சிட்டியா? டேய் மாப்பிள்ளை, கஜானா என்ன..."

"எங்கப்பாவை இழுக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் குனிந்து வாசற்படியிலிருந்த பையை எடுத்தாள். கனமாகத்தான் இருந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. அடுக்களையிலேயே ஒரு ஓரமாக வைத்துவிட்டு, மூன்று பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள்.