வெளியே போகாத லினக்ஸ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்று பின்னேரத்துக்குள் என் கணவர் நிலோஜன் கொழும்புக் கம்பனி ஒன்றின் பரீட்சையை முடித்தாக வேண்டும். மனிதரோ சாப்பிட்டுவிட்டு ஜன்னலடியில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, முடிஞ்சிட்டா?"

"நெட் வேலை செய்யுதில்ல."

லப்டொப்புக்குள் இன்னொரு கணினிபோல ஓடுகிற வேர்ச்சுவல் மெஷினில், தானே கட்டிய லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை ஏற்றி, அதிலிருந்து கம்பனியின் சேர்வருக்குள் நுழைந்து காட்டவேண்டும். அதுதான் பரீட்சை. டோஹாவில் வேலை போய் ஊருக்கு வந்தபிறகு அவருக்குக் கிடைத்த முதல் அழைப்பு இது. இதுவும் கைநழுவினால் மனிதர் அடியோடு உடைந்துபோவார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

நான் தன்னாமுனையில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறவள். "தள்ளுங்க, பாப்பம்" என்று உட்கார்ந்தேன். லப்டொப்பில் இணையம் நன்றாகவே ஓடியது. மெஷினின் அமைப்பிலும் பிழை இல்லை. உள்ளே போய், தனக்குத்தானே பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பச் சொன்னேன். டக்கென்று பதில் வந்தது. வெளியே அனுப்பச் சொன்னால் வழியே இல்லை என்றது. நெட்வேர்க் கார்ட் ஒன்றுகூட அதன் கண்ணில் படவில்லை.

அப்படியென்றால் லினக்ஸின் கருவான கேர்னலில், அந்தக் கார்ட்டை இயக்கும் டிரைவர் இல்லை. கேர்னலைக் கட்டும்போது அவர் போட்ட தெரிவுகளைத் திறந்து பார்த்தேன். இல்லைத்தான். ஆனால் அது மறதியில் விடுபடுகிற சாமானல்ல. தொடாமல் விட்டால் தானாகவே உள்ளே இருக்கும். தேடிப்போய் எடுத்தால்தான் இல்லாமல் போகும்.

"இத ஆர் எடுத்த?"

"நான்தான்."

ஏச வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"டோஹாவில மனேஜர் நான் விட்ட பிழைய பெரிய திரையில போட்டு, எல்லாருக்கும் முன்னால வரிவரியா வாசிச்சவர். சிரிச்சாங்கள், மேனுகா. இது உள்ளுக்க இருக்குமட்டும் நல்லா ஓடுது. வெளிய விட்டா ஆக்கள் பாப்பாங்கள்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை மாதமும் சோம்பிக் கிடக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்! அந்த டிரைவரைச் சேர்த்து, கேர்னலைத் திரும்பக் கட்டி, சேர்வருக்குள் நானே நுழைந்துவிடலாம். கை துருதுருத்தது. ஆனால் அது என்னுடைய பரீட்சையாகிவிடும்; அவர் ஜன்னலடியிலேயே நிற்பார்.

கதிரையை விட்டு எழுந்தேன். "நான் குசினிக்குள்ள நிக்கிறன். எட்டியும் பாக்கமாட்டன்."

தேங்காயைத் துருவத் தொடங்கினேன். ஒரு பாதி முடிந்தது. பிறகு லப்டொப்பின் விசிறி இரையத் தொடங்கியது. கேர்னலைக் கட்டும்போதுதான் அது அப்படி இரையும். விசிறி ஓய்ந்தபிறகு விசைகளின் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. போய்ப் பார்க்கவேண்டும் என்று கால் பரபரத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மேனுகா, இங்க வா. வந்து பார்."

ஓடினேன். சேர்வருக்குள் நுழைந்திருந்த அந்தத் திரையை, அவர் என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.