குடி பக்கம்

வந்தவர்கள்: திம்மராயன், எங்கள் ஞாயிறு சைக்கிள் குழுவின் செயலாளர், டூல் ரூம் சூப்பர்வைசர், வீட்டில் தெலுங்கு, வலது முழங்காலில் பட்டை. ஹரீஷ்குமார், வீட்டில் கன்னடம், குழுவிலேயே விலை அதிகமான சைக்கிள். சுமலதா, அசெம்ப்ளி லைன், கம்பெனியின் பெண்கள் விடுதி. தினேஷ்குமார், அதாவது நான், ஜனவரியில் நைட் ஷிஃப்டை விட்டவன், இப்போது எந்த ஷிஃப்டும் இல்லை.

வராதவர்கள் பதினொரு பேர். உகாதிக்கு முந்தின ஞாயிறு. முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். காலையில் யாராலும் காலைத் தூக்க முடியவில்லை.

ஐந்தரைக்கு விடுதி வாசலிலிருந்து கிளம்பினோம். கிளம்பும்போதே சுமலதா சொல்லிவிட்டாள்.

"பதினோரு மணிக்குள்ள நான் கேட்டுக்குள்ள இருக்கணும் அண்ணா. ஏற்கெனவே ரெண்டு லேட். மூணாவது ஆச்சுன்னா வார்டன் எங்கப்பாவுக்கு போன் போட்டுடுவாங்க."

"போட்டா?"

"அரூர்ல இருந்து பஸ் ஏறி வந்து, பெட்டியக் கட்டும்பார். அவ்வளவுதான். வேல போச்சு."

"அப்புறம் என்னாத்துக்கு வந்தே?" என்றேன்.

"ஆறு நாளு ஸ்க்ரூ முடுக்கறேன். ஏழாவது நாளும் ரூம்ல மல்லாந்து ஃபேனப் பாக்கச் சொல்றியா?"

இரண்டு மாதமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தொரப்பள்ளி வரை வெயில் இல்லை. சாலையோரப் புங்க மரங்கள் பழைய இலையை உதிர்த்துப் புதிதாகத் துளிர்த்திருந்தன. ரோஜாக் கூடாரங்களின் பிளாஸ்டிக் மேல் பனி உருண்டது. மாந்தோப்புகளில் சுண்டுவிரல் அளவுக்குப் பிஞ்சு. ஹரீஷ் ஒவ்வொரு ஏற்றத்திலும் கியரைப் பற்றி வகுப்பெடுத்தான். சுமலதா கியரே இல்லாத சைக்கிளில் அவனைத் தாண்டிப் போய், மேட்டு உச்சியில் நின்று கொட்டாவி விட்டாள்.

"குரு, அவளுக்கு வெயிட் கம்மி," என்றான் ஹரீஷ். அவனுக்கு எல்லோருமே 'குரு'தான்.

"உனக்கு வாய் வெயிட்டு," என்றேன்.

தொரப்பள்ளி டீக்கடையில் திம்மராயனின் முழங்கால் கைவிட்டது. "நீங்க போய்ட்டு வாங்கப்பா. திரும்பறப்ப இந்த வழி வேணாம், சுத்து. வேற ஒரு ரோடு இருக்கு, முழுக்க எறக்கம். மெசேஜ் போட்டுடறேன்," என்றார். எங்கள் கண் முன்னாலேயே நாலாவது வடைக்குக் கையை நீட்டினார்.

மலைப்பக்கம் மூன்று மணி நேரம் நன்றாகச் சுற்றினோம். ஒன்பதே முக்காலுக்கு ஒரு பெரிய ஆலமரத்தடியில் வந்து நின்றோம். மூன்று பக்கமும் சாலை பிரிந்தது. போனில் டவர் இல்லை. மெசேஜ் மட்டும் முன்பே வந்து கிடந்தது.

'ஆலமரம் வந்ததும் குடி பக்கம் திரும்பு. அரை மணியில் ஓசூர்.'

நேராகப் போகும் சாலையில் டாஸ்மாக் பலகை, அம்புக்குறியோடு. "இதுதான்," என்றேன்.

"லூசா நீ? கடை தெறக்கறதே பன்னெண்டு மணிக்கு. செயலாளர் அதையா அடையாளம் சொல்வார்?" ஹரீஷ் இடது பக்கம் கையைக் காட்டினான். குன்றின் மேல் ஒரு சின்னக் கோபுரம், மஞ்சள் கொடி. "கன்னடத்துல குடின்னா கோயில். அங்க பாரு, குடி!"

"அவரு வீட்ல பேசறது தெலுங்கு."

"தெலுங்குலயும் கோயில்தான் குரு."

அவன் சொன்னது சரி. அதுதான் பிரச்சினையே. சுமலதா வலது பக்கச் சாலையைப் பார்த்தாள். "எறக்கம்னு சொன்னாரே. இதுதானே எறங்குது?" என்றாள். நாங்கள் இரண்டு ஆண்கள், மொழி ஆராய்ச்சியில் இருந்தோம். கேட்கவில்லை.

இடது பக்கம் ஏறினோம். செங்குத்தான இரண்டு கிலோமீட்டர். சாலை கோயில் படிக்கட்டில் போய் முட்டி நின்றது. அதற்கு மேல் வானம்தான். படியில் தேங்காய் விற்ற வெங்கடம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓசூருக்கா? இங்கிருந்து ஓசூருக்குச் சாமிதான் போவாரு, உற்சவத்துக்கு. அவரும் வந்த வழியாத்தான் போவாரு."

உச்சியில் டவர் கிடைத்தது. திம்மராயனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"கோயிலுக்கு ஏன்டா போனீங்க? குடி பக்கம்னு தெளிவா எழுதியிருக்கேனே!"

"குடின்னா என்ன சார்?"

"குடின்னா ரைட்டு! தெலுங்குல எடம லெஃப்ட், குடி ரைட். இதுகூடவா தெரியாது?"

"ரைட்டுன்னே எழுதியிருக்கலாமே சார்!"

"தமிழ்ல எழுதணும்னு குழுவுல தீர்மானம் போட்டது யாரு? நீதானே!"

நான்தான். போனை வைத்தேன்.

அதற்குள் சுமலதா கோயிலுக்குள் போய்விட்டு வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் அரை மூடித் தேங்காய். "வந்ததே வந்தோம், ஒரு கும்பிடு போட்டுக்கிட்டேன். ஒரு நிமிசம்தான்," என்று தேங்காயை முதுகுப் பையில் திணித்தாள். மணி பத்து இருபது. பதினாறு கிலோமீட்டர் பாக்கி.

அந்த இறக்கத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. காற்று கண்ணில் அடித்தது. ஆலமரத்தடியில் வலது பக்கம் திரும்பும்போது "குடி! குடி!" என்று மூன்று பேரும் கத்தினோம். எதிரே வந்த பால்காரர் பயந்துபோய் பைக்கை ஓரம் கட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு வலது வளைவுக்கும் ஹரீஷ் அதையே கத்தினான். சுமலதாவும் கத்தினாள். சிரித்துக்கொண்டே மிதித்தாள். அப்பாவின் போனை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை, மணியைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஊர் எல்லையில் கம்பெனி பஸ்கள் இரண்டு குறுக்கே நின்றன. அங்கே போனது நான்கு நிமிடம்.

விடுதி வாசலுக்கு வந்தபோது பதினொன்று மூன்று. வார்டன் ரங்கம்மா கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு, மற்றதைப் பிடித்தபடி நின்றார். கையில் பூட்டு.

"மூணாவது வாட்டி. எங்க போயிருந்தே?"

சுமலதாவுக்கு மூச்சு வாங்கியது. வழியெல்லாம் கத்திய வார்த்தைதான் வாயில் வந்தது.

"குடி... குடிக்குப் போயிட்டோம் மேடம்."

ரங்கம்மாவின் முகம் மாறியது. "என்னாது? காலங்காத்தால குடியா? எங்க, வாய ஊது!"

சுமலதா நிஜமாகவே ஊதினாள். நான் தரையைப் பார்த்தேன். என் குட்டிச் சுவர் வாழ்க்கையில் இவளையும் சேர்த்து நாசம் பண்ணியாயிற்று என்று தோன்றியது.

ஹரீஷ்தான் பாய்ந்தான். முதல் எழுத்தை ஆங்கில G போல அடித்தொண்டையில் அழுத்தி, சுத்தக் கன்னடத்தில்: "மேடம், குடி அல்ல, குடி! தேவஸ்தானா!"

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கேட்டால் இல்லை. ரங்கம்மாவின் புகுந்த வீடு கர்நாடகத்து ஆனேக்கல், கன்னடம் பழகிய காது. அவர் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். சுமலதா பையிலிருந்து தேங்காய் மூடியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

ரங்கம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் எதையோ எழுதினார். தலைகீழாகப் படித்தேன்: 10.59.

"அடுத்த வாட்டி சாமியே கூட வந்தாலும் கேட்டு தெறக்க மாட்டேன். உள்ள போ."

சுமலதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்து, வலது கையை நீட்டி ஆட்டினாள். "குடி!"

"மொதல்ல போ," என்றார் ரங்கம்மா. கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, அதன் மேல் பூட்டும்.