உடும்பு விடாத கண்ணாடி

கண்ணாடிக் கடையில் அவனுக்கு உடும்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று தனியாக இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. ஆள் உயரக் கண்ணாடியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கும்போது, அவன் பிடித்த பக்கம் அசைந்ததாகச் சரித்திரமே கிடையாது. உடும்புப்பிடி. பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும் அதைப் பட்டம் கிடைத்த மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான்.

அப்பேர்ப்பட்ட உடும்பின் வலது கை இப்போது கழுத்திலிருந்து ஒரு துணித் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தால் கை பழையபடி ஆகும், இல்லையென்றால் நெஞ்சுக்கு மேல் எழும்பவே எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை எழும்பாதவனுக்குக் கண்ணாடிக் கடையில் என்ன வேலை? செலவை ஏற்க வேண்டிய காப்பீட்டுக் கம்பெனியோ முடியாது என்று கடிதம் போட்டுவிட்டது.

நடந்தது இதுதான். கடையின் பின்வாசலில் வண்டிக்கு இறங்குகிற சரிவுப் பலகையில் பெரிய கண்ணாடி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே உடும்பு. கீழே, பின்பக்கமாக நடந்துகொண்டு மேஸ்திரி. மேஸ்திரி வேறு யாருமில்லை, உடும்பின் மனைவியுடைய அண்ணன்தான். பலகை ஈரமாக இருந்தது. மேஸ்திரி கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மொத்தப் பாரமும் உடும்பின் தோளில் வந்து இறங்கியது. கண்ணாடி நழுவினால் விட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்பது கடையின் விதி. விட்டிருந்தால் அது மேஸ்திரியின் கால்கள் மேல் விழுந்திருக்கும். உடும்பு விடவில்லை. தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அப்போதும் விடவில்லை. மச்சான் காலை இழுத்துக்கொண்ட பிறகு, கண்ணாடியைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டுத்தான் மயங்கி விழுந்தான்.

விபத்து அறிக்கை எழுதியவர் மேஸ்திரி. ‘நழுவிய கண்ணாடியை விதியை மீறிப் பிடித்ததால் காயம்’ என்று எழுதினார். தான் வழுக்கியதை எழுதவில்லை. ஈரத்தைத் துடைத்து வைக்க வேண்டிய பொறுப்பும் அவருடையது, மேஸ்திரி வேலை கிடைத்ததும் அண்மையில்தான். பாவம், பயந்துவிட்டார். உடும்புக்கு அது புரிந்தது. புரிந்ததோடு நிற்காமல், பெரிய மனசு பண்ணி, தன் மனைவியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. இந்தப் பெரிய மனசுக்காரர்களை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்கள் பாடு பெரும்பாடு.

அந்த ஒரு வரியைக் கம்பெனி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. விதியை மீறினால் காசு கிடையாது.

மனைவி செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் சாயங்காலம் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

“ஏங்க, ஒரு வக்கீலம்மாவைப் பார்த்து வெச்சிருக்கேன். நாளைக்குப் போறோம்.”

“வக்கீலா? எதுக்கு? முதலாளி நம்மளைக் கைவிட மாட்டாரு.”

“கைவிடறதுக்கு உங்ககிட்ட இன்னும் ஒரு கைதான் பாக்கி இருக்கு.”

“வக்கீல் வெச்சா சண்டைக்குப் போற மாதிரி ஆயிடுமே.”

“அவங்க வெச்சிருக்காங்களே, அது என்ன கொஞ்சறதுக்கா? அவங்க பக்கம் வக்கீல் இருக்காரு, டாக்டர் இருக்காரு, போன்ல தேன் ஒழுகப் பேச ஒரு பொண்ணு இருக்கா. உங்க பக்கம் யாரு இருக்கா? நான் இருக்கேன், இந்தத் தூளி இருக்கு.”

தேன் ஒழுகப் பேசிய பெண் விவகாரம் தனி. கம்பெனியிலிருந்து போன் செய்து, “எப்படி சார் இருக்கீங்க?” என்று அவள் கேட்டாள். ஒரு பெண் பிள்ளை இவ்வளவு அன்பாகக் கேட்கும்போது வலிக்கிறது என்று மூக்கைச் சிந்த முடியுமா? “நல்லா இருக்கேம்மா, ஒரு குறையும் இல்ல” என்றான் உடும்பு. மறு வாரம் வந்த கடிதத்தில், தாம் நலமாக இருப்பதாக அவரே தெரிவித்துள்ளார் என்று அச்சடித்து வந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

“அந்த வக்கீலம்மா கெட்டிக்காரங்களா?” என்று கேட்டான்.

“எங்க கடையில செருப்பு வாங்க வந்தாங்க. குரலே உசத்தல. கிளம்பறதுக்குள்ள எங்க முதலாளி தானா விலையைக் குறைச்சு, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிட்டுப் போறாரு. அவரு வாசலுக்கு வந்து நான் பார்த்ததே இல்ல.”

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அறை முழுக்க இஸ்திரி ஆவியின் வாசனை. சின்ன உருவம், மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் மூக்குக்கண்ணாடி. உடும்பின் பார்வை அந்த மூக்குக்கண்ணாடியை விட்டு நகரவில்லை, எப்போது விழுமோ என்று இடது கை தயாராக இருந்தது.

“விதியைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?” என்று அவர் கேட்டார்.

“தெரியுங்க. சுவத்துல எழுதியே போட்டிருக்கு. முதலாளி எங்க நல்லதுக்குத்தான் போட்டாரு.”

“அப்ப ஏன் விடல?”

“என் தப்புதாங்க.”

“காப்பீட்டுக் கம்பெனி?”

“அவங்களும் பாவம், எத்தனை பேருக்குத்தான் கொடுப்பாங்க.”

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க யாரு பக்கம்னு மட்டும் சொல்லிடுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி நான் வேலை பார்க்கறேன்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வக்கீலம்மா சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: “உங்க முதலாளி நல்லவரா இருக்கலாம். ஆனா பணம் தர்றது அவரு இல்ல, கம்பெனி. அவங்களுக்கு இது தினசரி வேலை, உங்களுக்கு இதுதான் முதல் தடவை. எந்த டாக்டர்கிட்ட போகணும், எந்தத் தேதிக்குள்ள எழுதிக் கொடுக்கணும், எந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கணும், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. உங்க வாயை இனிமே நான் பார்த்துக்கறேன். யாரு என்ன கேட்டாலும், வக்கீலைக் கேளுங்கன்னு சொல்லிடுங்க.”

சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள் உடும்பு. அன்றைக்கு மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரர், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டதற்கும் வக்கீலைக் கேளுங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

வக்கீலம்மா சும்மா இருக்கவில்லை. தன் அலுவலகத்துக்குக் கண்ணாடி வாங்குகிற சாக்கில் கடைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தார். விதியை எழுதிய பலகை சுவரில் இருந்தது, அடுக்கி வைத்த கண்ணாடிகளுக்குப் பின்னால், எவர் கண்ணுக்கும் படாமல். கண்ணில் பட்டது வாசல் சுவர். கண்ணாடி உடைத்தவன் பெயர் அதில் சாக்பீஸால் எழுதப்பட்டு ஒரு வாரம் இருக்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் கிண்டல் அடிப்பான். அது அந்தக் கடை வழக்கம்.

“வேற யாராவது கூட இருந்தாங்களா? வேற காரணம் ஏதாவது?” என்று உடும்பைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். உடும்பு ஒவ்வொரு தடவையும் கூரையைப் பார்த்தான்.

விசாரணை நாள் வந்தது. நீளமான மேஜை, தண்ணீர்க் கூஜா, மேஜையின் தலைப்பக்கம் விசாரணை அதிகாரி. எதிரில் கம்பெனி வக்கீல், மடிப்புக் கலையாத சட்டையோடு. பின்வரிசையில் மனைவி. அறிக்கை எழுதிய அன்றிலிருந்து அண்ணனோடு அவளுக்குப் பேச்சு வார்த்தை இல்லை. இன்றைக்கு அவர் கம்பெனி பக்கச் சாட்சியாக உள்ளே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்குத் தோற்றால் கை போச்சு. ஜெயித்தால் மச்சான் கதி என்ன ஆகும் என்று உடும்புக்குத் தெரியவில்லை.

“கண்ணாடி நழுவினா உங்க கடையில என்ன பண்ணுவீங்க?” என்று வக்கீலம்மா மேஸ்திரியிடம் கேட்டார்.

“விட்டுடுவோம். அதான் விதி.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான்.”

“நீங்களும்?”

“நானும்.” உடும்பின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வக்கீலம்மா சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியைத் தூக்கினார். அந்தக் கடையில் வாங்கியதேதான், இடுப்பு உயரம் இருக்கும். “இந்த மாதிரி ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்,” என்று மேஜையருகே கொண்டுவந்தவருக்கு மூக்குக்கண்ணாடி நழுவியது. அதை மேலே ஏற்ற ஒரு கையை எடுத்தார். கண்ணாடி சரிந்தது. கை தவறியதா, தவறவிட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

மேஸ்திரி நாற்காலியில் இல்லை. எப்போது எழுந்தார், எப்போது மேஜையைச் சுற்றி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. கண்ணாடியின் ஒரு பக்கம் அவர் கையில் இருந்தது. மறுபக்கம் உடும்பின் இடது கையில் இருந்தது.

“மாப்பிள்ளை, நீ விடு, நான் வெச்சுக்கறேன்,” என்றார் மேஸ்திரி.

“ஏந்துங்க மச்சான். மெதுவா. மூலை, மூலை.”

“கால் குடுத்துட்டேன். இறக்கு.”

தரையில் பட்டு மூலை சிதறாமல் இருக்க, மேஸ்திரி தன் ஷூவின் மேல் அந்த மூலையை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். அதன் பிறகுதான் அறையில் இருந்த எல்லாரும் தங்களையே பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு உறைத்தது. கம்பெனி வக்கீல் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை அதிகாரி கேட்டார்: “விட்டுடுவோம்னு இப்பதானே சொன்னீங்க?”

மேஸ்திரி கண்ணாடியைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். “கண்ணாடிங்க. அதை எப்படிங்க விடறது?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியின் உதடும் கொஞ்சம் அசைந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. கண்ணாடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்த உடும்பின் ஒற்றைக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்க கடையில யாரும் விட்டதில்லைங்க. வாசல்ல பேர் எழுதுவாங்க. அன்னிக்கு இவன் பிடிச்சது அதுக்கும் இல்ல. நான் வழுக்கிக் கீழ கிடந்தேன். இவன் விட்டிருந்தா எனக்கு ரெண்டு காலும் இல்ல. வேலை போயிடும்னு பயந்துதான் அதை எழுதல. இவனும் என்னைக் காட்டிக் கொடுக்கல.”

அதிகாரி வெகு நேரம் எழுதினார். கம்பெனி வக்கீல் ஏதோ சொல்ல எழுந்து, மனசு மாறி உட்கார்ந்துவிட்டார். விதி பலகையில் மட்டும் இருந்தது, கடையில் இல்லை, ஆபரேஷன் செலவும் கை தேறும்வரை சம்பளமும் கம்பெனி பொறுப்பு என்று அதிகாரி வாசித்தபோது உடும்பின் காதில் பாதிதான் விழுந்தது. பின்வரிசையைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தாழ்வாரத்தில் வக்கீலம்மா மேஸ்திரியின் சட்டைப் பையில் தன் முகவரி அட்டையைச் செருகினார். “நாளைக்கு உங்க முதலாளி ஏதாவது சொன்னா, நீங்களா பதில் சொல்லாதீங்க. நேரா என்கிட்ட வாங்க.” மேஸ்திரி தலையாட்டினார்.

மனைவி வந்தாள். அழுதிருந்தாள், கோபமாகவும் இருந்தாள், இரண்டில் எதை முதலில் வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அந்தக் கால்களை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு உடும்பிடம் திரும்பினாள்.

“இவ்வளவு நாளா எங்க அண்ணனை நான் திட்டாத திட்டு இல்ல. நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டுதானே இருந்தீங்க?”

“உன் அண்ணனாச்சே. எப்படிச் சொல்றது?”

“அந்தக் கையை நல்லபடியா சரி பண்ணிட்டு வாங்க. அப்புறம் இருக்கு உங்களுக்கு.”

சொல்லிவிட்டு, அவனுடைய தூளியின் முடிச்சு கழுத்தில் உறுத்தாமல் தளர்த்தி மறுபடி கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. அண்ணன் ஒரு நுனியைப் பிடித்துக்கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கட்டினாள்.