நாற்காலிக் காட்சிக்கு ஒரு மெட்டு

நாத்தனார் படம் எடுக்கிறேன் என்று கிளம்பியபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் மட்டும் கேட்கிற ஆளா? இசையை அண்ணிதான் போட வேண்டும் என்று வேறு பிடிவாதம். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. படுக்கையறை மூலையில் கீபோர்டை வைத்துக்கொண்டு சோப்புக்கும் செருப்புக்கும் விளம்பர இசை போட்டே காலத்தை ஓட்டியவள். தன் பேர் சொல்ல ஒரு மெட்டாவது வேண்டும் என்று எத்தனை வருஷத்து ஆசை!

குறும்படம்தான். புருஷனைப் பறிகொடுத்தவள் அவனுடைய சட்டைகளை மெஷினில் துவைக்கப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிக் காட்சி அவ்வளவே. பேச்சு மூச்சு கிடையாது. இசைதான் தூக்கி நிறுத்த வேண்டும். மெட்டு என்னவோ ஒரே மூச்சில் வந்து விழுந்தது. வாசித்து முடித்தபோது அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

வினை எங்கே வந்தது என்றால், கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "நல்லாருக்கு. எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?"

இசை போடுகிறவளிடம் இதைச் சொல்வதற்குப் பதில் கன்னத்தில் ரெண்டு வைக்கலாம். போட்டிக்குப் போகிற படம். இசை சொந்தமாக இருக்க வேண்டும். திருட்டு மெட்டு என்று தெரிந்தால் படத்தைத் தூக்கிக் கடாசிவிடுவார்கள். நாத்தனாரின் முதல் படமாயிற்றே! அண்ணி பயந்தே போனாள்.

பழைய பாட்டையெல்லாம் சலித்துப் பார்த்தாள். அதில் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சரைக் கேட்டாள். "தினமும் கேக்கிற மாதிரி இருக்கும்மா. நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது" என்றார் டீச்சர். தினமும் கேட்கிறதா? அப்படி என்ன பாட்டு அது? பயம் போன இடம் தெரியவில்லை. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. லிஃப்டுக்குள் நின்று காதைத் தீட்டினாள். கண்டவர் போனையெல்லாம் அடிக்கவிட்டுக் கேட்டாள்.

சாயங்காலம் புருஷனைப் பிடித்து உட்கார வைத்து வாசித்தாள். முதல் வரிகூட முடியவில்லை, மனுஷன் எழுந்து நடையைக் கட்டினான்.

"எங்க போறீங்க?"

"துணி எடுக்க. மெஷின் கூப்பிடுதே!"

"மெஷின் எங்கங்க ஓடுது?"

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

துவைத்து முடிந்ததும் பீப் பீப் என்று பாடுமே, அதே வரி! அதை மெதுவாக்கி, வயலினைக் குழைத்து ஊற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. பேர் சொல்ல வந்த மெட்டு எவனோ மெஷின் கம்பெனிக்காரனுடையது.

நாத்தனாரிடம் போட்டு உடைத்தாள். குதிப்பாள் என்று பார்த்தால், அவள் அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டாள்.

"அண்ணி, இவ எதுக்காக உக்காந்திருக்கா?"

படம் எடுத்தவள் கேட்கிற கேள்வியா இது!

"துணி துவைச்சு முடியட்டும்னுதான்..." என்று ஆரம்பித்த அண்ணி பாதியில் வாயை மூடிக்கொண்டாள். முடிந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததே இல்லை.

அன்றே மெட்டை அழித்தாள். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் அழித்தாள். அதற்குப் பதில் எந்த மெஷினும் பாடாத ஒரு பீப்பைச் செய்தாள். சின்னது, கொஞ்சம் அசடு, ஆனால் முழுக்க முழுக்க அவளுடையது. மெஷின் கூப்பிடும், நாற்காலிக்காரி எழுந்திருக்க மாட்டாள். மறுபடி கூப்பிடும். மொத்த இசையே இவ்வளவுதான்.

"இதுக்கா இத்தனை நாள் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தே?" என்று புருஷன் வாரினான்.

படத்தை முதலில் மாமியாருக்குப் போட்டுக் காட்டினார்கள். மாமனார் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அம்மா என்ன சொல்வாரோ என்று நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கோ வேறு கவலை: இந்த பீப்பைக் கேட்டு மாமியார் சிரித்துவிட்டால்?

மெஷின் கூப்பிட்டது. மாமியார் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டதும், அறையில் வேறு யாருமே இல்லாத மாதிரி, திரையில் இருந்தவளிடம் சொன்னார்:

"போகாதடி. தொறந்து பாத்தா அவர் வாசம் இருக்காது."