முந்நூற்று அறுபது மாடி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மலை உச்சியில் ஒரு குடில் இருக்கிறது, அங்கே நின்றால் நாலு பக்கமும் தெரியுமாம், கோடை லீவில் நடந்தே ஏறலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து மனுஷன் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. வரைபடத்தை விரித்து, ஏற்றத்தை ஒரு தாளில் மாடிக் கணக்காக மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

“மொத்தம் முந்நூத்தி அறுபது மாடி. நாப்பது மாடிக்கு ஒரு தடவை உக்காந்து தண்ணி குடிக்கலாம். காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பினா பதினொண்ணுக்கு உச்சி.”

தாளைப் பிடுங்கிப் படித்தேன். எந்த வளைவில் நிழல், எங்கே ஊற்று என்று எல்லாம் எழுதியிருந்தார். கடைசி வரியில்தான் என் கண் நின்றது: பதினொன்றரைக்கு உச்சியில் புறப்பாடு, பதினொன்று முப்பத்தைந்துக்கு அடிவாரம்.

“அஞ்சு நிமிஷத்துல எப்படிங்க எறங்குறது? உருண்டா?”

அவர் தாளைத் திருப்பி வாங்கி அந்த வரியை மறுபடி படித்தார். இருபத்திரண்டு வருஷமாக, லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் மூச்சிரைக்க மாடியேறிப் போய், அதைச் சரிசெய்து, அதிலேயே ஜம்மென்று இறங்கி வந்த ஆள்.

“சரி, மேல அரை மணி நேரம் எதுக்குப் போட்டீங்க?”

“ரிப்பேருக்கு,” என்றார்.

“அங்க எதுவும் கெட்டுப்போகலைங்க. சும்மா நின்னு பாக்கத்தான் போறோம்.”

அவர் பென்சிலை மறுபடி எடுத்து, முகமெல்லாம் ஆவலாக என்னைக் கேட்டார்.

“சும்மா பாக்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”