நாற்பது விநாடி ஹம்மிங்

சமீபகாலம்வரை குமுதினி சம்பந்தம் என்ற பெயரை நான் என் கையால் எழுதியதே இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் குரோம்பேட்டையில் கேசட் கடை வைத்திருக்கிறேன். பாட்டுப் பட்டியல் கொடுத்தால் பதிவு செய்து, அட்டையில் பாட்டு, படம், பாடியவர் என்று வரிசையாக எழுதித் தருவேன். என் கையெழுத்துக்காகவே தாம்பரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. பட்டியலில் ‘ஜன்னலை மூடாதே’ இருந்தால் மட்டும் பாடியவர் என்ற இடத்தில் ‘அருள்மேரி’ என்று எழுதுவேன்.

“பாய், தப்பா எழுதியிருக்கீங்க. இது குமுதினி பாடுனது” என்று அட்டையைத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

“இஷ்டம்னா எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா வச்சுட்டுப் போங்க” என்பேன். கிபாயத்துல்லாவுக்குத் திமிர் என்று பெயர் வந்தது இப்படித்தான். வரட்டும்.

நடந்தது இதுதான். எனக்கு இதைச் சொன்னவர் தனசிங் அண்ணன். அந்தப் பாட்டுக்கு சாக்ஸபோன் வாசித்தவர், அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர். 1978-இல் சம்பந்தம் புது இசையமைப்பாளர். பெரிய பாடகி வருவதற்கு முன்னால், மெட்டு எப்படி வரும் என்று காட்ட வேறொருவரைப் பாடவைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். ட்ராக் பாடுவது என்று அதற்குப் பெயர். பெரிய பாடகி வந்து பாடியதும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். சம்பந்தம் ட்ராக் பாடக் கூப்பிட்டது அருள்மேரியை. பல்லாவரத்துப் பெண். மவுண்ட் ரோடு ஓட்டல்களில் சாயங்கால வேளைகளில் ஜாஸ், சோல் என்று இங்கிலீஷ் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தவர். ஒரே மூச்சில் பாடி முடித்தார். வரிகள் முடிந்த பிறகும் வாத்தியங்கள் ஓடிக்கொண்டிருந்ததால், ஓட்டலில் பாடுகிற பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது விநாடி வார்த்தையே இல்லாமல் ஹம்மிங் பாடினாராம். யாரும் அவரை அப்படிப் பாடச் சொல்லவில்லை. அந்த நாற்பது விநாடிக்காகத்தான் பாட்டு ஓடியது.

பெரிய பாடகி வரவில்லை. சம்பந்தம் ட்ராக்கை அழிக்கவும் இல்லை. இசைத்தட்டு வெளிவந்தபோது அதில் பாடியவர் குமுதினி சம்பந்தம் என்று இருந்தது. சம்பந்தத்துக்குப் புதிதாக வாய்த்த மனைவி.

அருள்மேரி அவர்கள் வீட்டுக்கே போய், இரண்டு பேரிடமும் கேட்டார். கேட்டதற்குத் தண்டனையாக, அந்தப் பெண் குடித்துவிட்டு ரெக்கார்டிங்குக்கு வருகிறாள் என்று ஸ்டூடியோ ஸ்டூடியோவாகச் சொல்லி வைத்தார் சம்பந்தம். காபி கூடக் குடிக்காத மனுஷி! பேச்சு மாதா கோயில்வரை வந்து, பாடகர் குழுவிலிருந்து கொஞ்ச நாள் விலகி இருக்கச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பிறகு ஒரு தோல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து, இருபது வருடம் “லைன்ல இருங்க, ப்ளீஸ்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் குரலையும் விடவில்லை. கடையிலிருந்து அந்த நம்பருக்குப் போன் போடுவேன். “யார் வேணும் சார்?” என்று கேட்கும் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஒருநாள், “பாய், இன்னைக்கு இது மூணாவது தடவை. உங்க கடையில பாட்டு ஓடுறதும், ‘பாய், கேசட் ரெடியா’ன்னு ஆளுங்க கூப்பிடுறதும் எனக்குக் கேக்குது. எதுக்குங்க எனக்குப் போன் பண்றீங்க?” என்றார். மாட்டிக்கொண்டேன். எதுக்கு என்று சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

ரசிகர்கள் நாங்கள் மொத்தம் பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு அவருடைய பாட்டுகளைக் கேட்போம். ஓட்டலில் அவர் பாடிய ஆறு ஆங்கிலப் பாட்டுகள் எங்களுக்குக் கிடைத்தது சரசுவால். சரசு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவள். ஒரு பழைய டேப் ரெக்கார்டருக்குள் இருந்த கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து, “இன்னான்னு பாரு பாய். யாரோ ஒரு பொம்பள இங்கிலீசுல பாடிகினு கீறா. ஒரு எழுத்து புரில. ஆனா கேட்டுகினே இருந்தா என் வூட்டுக்காரன் செத்த அன்னிக்குக்கூட வராத அழுவ வருது” என்றாள். ரசிகை என்றால் அவள்தான் ரசிகை.

2003 டிசம்பரில் என் கடைக்கு எதிர்ச் சுவரிலேயே போஸ்டர் ஒட்டினார்கள். குமுதினியின் பெரிய படம். ‘இந்தக் குரலுக்கு வயது 25’. ‘ஜன்னலை மூடாதே’ பாட்டுக்கு வெள்ளி விழா, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் சம்பந்தம் குழுவினரின் மெல்லிசைக் கச்சேரி, அனைவரும் வருக. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. போஸ்டரைக் கிழிக்கத்தான் முதலில் கை போனது. பிறகு யோசித்தேன். கிழித்தால் அவர்கள் இன்னொன்று ஒட்டுவார்கள்.

கச்சேரிகளில் குமுதினி அந்த ஹம்மிங்கைப் பாடியதே கிடையாது. வராது. வரிகளை முடித்துவிட்டுக் கைகூப்புவார், தனசிங் அண்ணன் சாக்ஸபோனில் அந்த நாற்பது விநாடியை வாசித்து முடிப்பார். ஜனங்கள் அதுவும் ஒரு ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டும். இருபத்தைந்து வருடமாக இந்தக் கூத்து.

“நான் வாசிக்கலன்னா?” என்றார் தனசிங் அண்ணன், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு.

“உங்க பொழப்பு போயிடும்ணா.”

“அருள்மேரி பாட்டை நான் ஊதி ஊதித்தானே அவ பேரு மறைஞ்சது? போனாப் போவட்டும் பாய்.”

திட்டம் அப்படித்தான் உருவானது. மைக் செட் என் மச்சான் சுஃபியானுடையது. ஒரு கார்ட்லெஸ் மைக் என் கைக்கு வந்துவிடும். நேயர் விருப்பச் சீட்டுகளை நாங்கள் பதினோரு பேரும் எழுதி அனுப்புவோம். சம்பந்தம் குழுவின் அறிவிப்பாளர் சீட்டில் என்ன இருந்தாலும் யோசிக்காமல் அப்படியே வாசிக்கிறவர். ஒருமுறை யாரோ எழுதிய வளையல் கடை விலாசத்தையும் சேர்த்து வாசித்திருக்கிறார். பாட்டு முடிந்து தனசிங் அண்ணன் வாசிக்காமல் இருக்கும்போது, நாலாவது வரிசையிலிருந்து அருள்மேரி அக்கா எழுந்து அந்த நாற்பது விநாடியைப் பாட வேண்டும். பாடிவிட்டால் உண்மைக்கு வேறு சாட்சி எதற்கு?

அக்காவிடம் போய்ச் சொன்னேன். வேலையை விட்டு, தனியாக இருக்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, “அவங்க ரெண்டு பேரும் மேடையில இருப்பாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“இருப்பாங்க அக்கா.”

“வரேன்.”

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா நீலப் புடவை கட்டிக்கொண்டு, ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறரை மணிக்கு அறிவிப்பாளர் முதல் சீட்டைப் பிரித்தார்.

“அடுத்து, பல்லாவரம் சந்தையிலிருந்து சரசு கேட்டிருக்கும் பாடல், ‘ஜன்னலை மூடாதே’. கடைசி ஹம்மிங்கோடு முழுசாகப் பாடவும். பாடியவர் அருள்மேரி.”

சம்பந்தம் திடுக்கிட்டுத் திரும்பினார். அறிவிப்பாளர் சிரித்துச் சமாளித்து, “மன்னிக்கவும், பாடியவர் குமுதினி சம்பந்தம்” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைப் பிரித்தார். அதிலும் பாடியவர் அருள்மேரி. மூன்றாவதிலும் அதேதான். அந்த மனுஷன் மூன்றையும் அச்சுப்பிசகாமல் மைக்கில் வாசித்தார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சம்பந்தம் அவர் கையிலிருந்த சீட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு பாட்டை ஆரம்பிக்கச் சைகை காட்டினார். எனக்கு அப்போதே பாதி வயிறு நிறைந்துவிட்டது.

குமுதினி வரிகளைப் பாடி முடித்தார். சுமாராகத்தான் பாடினார். வழக்கம்போலக் கைகூப்பினார்.

சாக்ஸபோன் வரவில்லை.

டிரம்ஸும் பேஸ் கிதாரும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. சம்பந்தம் கையை ஆட்டினார். தனசிங் அண்ணன் சாக்ஸபோனை மடியில் வைத்து, வாய் வைத்து ஊதும் பகுதியைக் கழற்றிக் கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் காத்திருந்தார்கள். இருபத்தைந்து வருடம் வானொலியில் கேட்ட பாட்டு, அடுத்து என்ன வரவேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். குமுதினி மைக்கை வாயருகில் கொண்டுபோய் முதல் இழையை எடுத்துப் பார்த்தார். குரல் பாதியில் உடைந்து இருமலானது.

“இன்னாக்கா, மீதி எங்க?” என்று பின்னாலிருந்து சரசுவின் குரல். “உன்தானா அது? உன்துன்னா பாடு! இல்லன்னா அருள்மேரிய கூப்டு!”

எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள். யாரு அருள்மேரி, யாரு அருள்மேரி என்று மண்டபமே கேட்க ஆரம்பித்தது. நான் கார்ட்லெஸ் மைக்கை ஆன் செய்து அக்காவின் கையில் கொடுத்தேன். இந்த நிமிடத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் வயிறெரிந்தேன்.

அக்கா மைக்கை வாங்கினார். அதன் சுவிட்சைத் தேடிப் பிடித்து அணைத்தார். ஹேண்ட்பேகின் மேல் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

“அக்கா, பாடுங்க! டைம் போவுது!”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மேடையிலிருந்து குமுதினி அவரைக் கண்டுகொண்டார். எத்தனை வருடம் ஆனாலும் அந்த முகம் மறக்குமா? குமுதினியின் கை மெல்ல நீண்டது. வாங்க, வந்து பாடுங்க, என்னைக் காப்பாத்துங்க என்பதுபோல விரல்கள் அழைத்தன. கண்ணில் தண்ணீர். சம்பந்தமும் பார்த்தார். மேடை ஓரத்துக்கு வந்து, அத்தனை பேர் முன்னால் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார்.

அக்கா அசையவில்லை. நாற்பது விநாடியும் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டிரம்ஸ்காரர் வேறு வழியில்லாமல் நிறுத்தினார். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. குமுதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நான் பொறுமையில்லாமல் கேட்டுவிட்டேன். “ஏங்க்கா பாடல? ஊரே உங்க பேரைச் சொல்லுச்சு. பாடியிருந்தா அவ கதை அதோட முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சிருக்காது பாய். நான் பாடியிருந்தா கச்சேரி நல்லபடியா முடிஞ்சிருக்கும்.” அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “ஒரு தடவை அவளுக்காகப் பாடிட்டேன். அவ தப்பிச்சா. ரெண்டாவது தடவையும் நானே பாடிக் காப்பாத்தணுமா?”

பதினோரு பேர் சேர்ந்து இரண்டு வாரம் போட்ட திட்டத்தைவிட, அவர் சும்மா உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய அடி என்று அப்போதுதான் புரிந்தது. அவரைப் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. தனசிங் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வேலை போய்விட்டதாம். மூன்று பேரும் டீக்கடைக்குப் போனோம். அக்கா பால் மட்டும் வாங்கிக்கொண்டார்.

சுஃபியான் கச்சேரி முழுவதையும் பதிவு செய்திருந்தான். மறுநாள் அந்தப் பாட்டை மட்டும் தனியாக ஒரு கேசட்டில் ஏற்றினேன். வரிகள் முடிந்ததும் நாற்பது விநாடிக்கு டிரம்ஸ், பேஸ் கிதார், நடுவில் ஓர் இருமல், சரசுவின் கத்தல், அவ்வளவுதான். கேட்கிற எல்லோருக்கும் இலவசமாகப் பதிந்து தருகிறேன். தாம்பரத்திலிருந்துகூட வருகிறார்கள்.

அட்டையை என் நல்ல பேனாவால், என் நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன். பாட்டு: ஜன்னலை மூடாதே. ஹம்மிங்: குமுதினி சம்பந்தம்.