கடைவாய்ப் பல்

கல்லூரியில் எல்லோரும் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு சின்னது. ஒரு பருவம் மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்க அவர்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தபோது, ஒன்று பொடிசு, இன்னொன்று அவளுடைய தோழி. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் தோழிக்கு வக்கீல் என்று பெயர் விழுந்திருந்தது. வழியனுப்ப வந்த பொடிசின் அம்மா இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து, "ஒருத்திக்கு ஒருத்தி துணையா இருங்கடி" என்றாள்.

போய் இறங்கிய முதல் வாரமே பொடிசு திணறிப்போனாள். அந்த ஊர் மொழியில் பயிற்சி எடுத்துத் தேறித்தான் வந்திருந்தாள். ஆனால் புத்தகத்தில் படித்த மொழி வேறு, பேராசிரியர் பலகையைப் பார்த்தபடி முணுமுணுத்த மொழி வேறு. மற்றவர்கள் சிரித்தால் இவளும் சிரிப்பாள். ஒருநாள் அவர் இவளைப் பார்த்து ஏதோ கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவைத்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு வகுப்புப் பக்கம் போகக் கால் வரவில்லை. மண் பரிசோதனை ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் தவறாமல் போவாள். மற்ற நேரமெல்லாம் போர்வைக்குள் கிடப்பாள். வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் எழுந்து தலையை வாரிக்கொண்டு, "ஜம்முனு இருக்கேம்மா" என்பாள்.

வக்கீலுக்குப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை. பொடிசின் அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். அன்று அப்பா பேசினார். "ஊரெல்லாம் சொல்லிட்டு அனுப்பினேன். முடியலேன்னா மூட்டையைக் கட்டிட்டு வந்து சேரு."

பொடிசு வக்கீலிடம் பாய்ந்தாள். "போட்டுக் குடுத்துட்டேல்ல?"

"உன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன்."

"உன் நல்லதை நீயே வச்சுக்க. இனிமே என்கிட்ட பேசாத."

அதோடு பேச்சு நின்றது. ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் ஒரு மேசை. அந்த ஊரில் தமிழில் பேச இருந்த ஒரே ஆளையும் பொடிசு இழந்தாள். பேச ஆளில்லாமல் வாய் நமநமக்க, துணி துவைக்கும் மெஷினிடம் "சீக்கிரம் சுத்தித் தொலையேன்" என்று பேச ஆரம்பித்தாள்.

எழுத்துத் தேர்வுகள் எல்லாம் ஊற்றிக்கொண்டன. மிச்சம் இருந்தது மண் பரிசோதனைச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். அதில் யாரிடமும் பேச வேண்டாம். மண்ணை உலர்த்தி, சலித்து, எடை போட்டுக் கணக்கெழுதினால் போதும். கைவேலையில் அவள் கெட்டி. இதிலாவது தேறினால் அப்பா முகத்தில் முழிக்கலாம் என்று அந்த ஒன்றையே பிடித்துத் தொங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். பல் மருத்துவமனைக்கு ஃபோன் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் கேள்விமேல் கேள்வி கேட்க, பதில் வராமல் வைத்துவிட்டாள். தேர்வன்று காலையில் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. வக்கீல் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் பொடிசு சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குலுக்கும் இயந்திரத்தில் பூட்டி, சுவிட்சைத் தட்டினாள். அது கடகடவென்று ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் தாடைக்குள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாமென்றால், கடிக்க வேண்டிய பல்லே அதுதான். சல்லடையைத் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மண் அத்தனையும் தரையில் கொட்ட, அதன்மேலேயே சரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே மண்ணை அள்ளி அள்ளி மறுபடி சல்லடையில் போட்டாள்.

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் வந்து அவள் நெற்றியைத் தொட்டார். அனலாகக் கொதித்தது. இவள் பேசுகிற மொழி தெரிந்தவர் யாராவது உண்டா என்று சத்தமாகக் கேட்டார். அடுத்த மேசையில் பாதித் தேர்வில் இருந்த வக்கீல் மின்தராசை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

பல் மருத்துவர் வலி எப்படியிருக்கிறது என்று கேட்டார். வக்கீல் பொடிசு பக்கம் திரும்பினாள். "எப்படி வலிக்குது?"

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"விண்ணு விண்ணுக்கு நான் இவர்கிட்ட என்னத்தடி சொல்றது?"

"அது தெரிஞ்சா நானே சொல்லியிருக்க மாட்டேனா?" பொடிசு உடைந்துபோனாள். "எனக்கு ஒண்ணுமே புரியலடி. முதல் நாள்லேருந்தே புரியல. காலையில கண்ணு முழிச்சாலே ஏன்டா முழிச்சோம்னு இருக்கு. உன்கிட்ட சொல்லலாம்னா அதுக்கும் வழியில்லாம நானே பண்ணிக்கிட்டேன்."

மருத்துவர் கையுறையோடு காத்துக்கொண்டிருந்தார். வக்கீல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப வலிக்கிறதாம் என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

சீழை எடுத்து, பல்லைப் பிடுங்கித் தையல் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் இருவரும் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். வக்கீல் அந்த மொழியிலேயே மூச்சு விடாமல் வாதாடினாள். வக்கீலுக்கு மறுதேர்வு உண்டு என்றார் அதிகாரி. பொடிசுக்கும் தரலாம், ஆனால் பிரயோசனமில்லை என்றார். மற்ற பாடங்கள் போய்விட்டபிறகு செய்முறையில் மட்டும் தேறினால் பருவம் கணக்கில் சேராதாம். முதல் வாரமே வகுப்பில் அதைச் சொன்னார்களாம்.

பொடிசு தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். பிடித்துத் தொங்கிய கயிறு எதிலும் கட்டியிருக்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினாள். "அம்மா, நான் ஃபெயிலாயிட்டேன். இந்தப் பருவமே போச்சு."

"உங்கப்பாகிட்ட நான் பக்குவமாச் சொல்லட்டுமா?" என்றாள் அம்மா.

"வேண்டாம். குடு, நானே சொல்றேன்."

வீங்கிய வாயால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். அப்பா கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில், "எப்ப டிக்கெட்?" என்றார். அடுத்த வாரம் என்றாள். "ம்" என்று வைத்துவிட்டார்.

மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வக்கீல் நிமிர்ந்தாள். "திட்டினாரா?"

"திட்டியிருந்தாப் பரவாயில்ல."

வக்கீல் நாற்காலியை இழுத்து அவள் கட்டிலோரம் போட்டுக்கொண்டு புத்தகத்தை மடியில் வைத்தாள். "அழறதுன்னா சத்தமாவே அழு. எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல."

பொடிசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். அழ அழத் தையல் இழுத்தது.